மாப்பிள்ளை விருந்து

இருபத்தைந்து வயதில் வீட்டோடு மாப்பிள்ளை ஆனால் ஊர் சிரிக்கும். அறுபதைத் தாண்டி ஆனால், "பாவம், மாமியாரைப் பாத்துக்கிட வந்திருக்காக" என்று பாராட்டும். இந்த வயது வித்தியாசத்தின் பலத்தில்தான் நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குக் குடிவந்தேன். பிறந்தது ஊட்டி, படித்தது ஊட்டி, ஓய்வு பெற்றதும் ஊட்டி. 2,240 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டருக்குள் வாழ்ந்தவன், கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட எழும்பாத தாமிரபரணிக் கரைக்கு வந்து இறங்கினேன். மாநிலம் மாறவில்லை, மொழி மாறவில்லை. ஆனாலும் முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது, இது வேறு நாடு. குடியேற்றச் சோதனை விடிய விடிய நடந்தது. காதோரம் வந்து விசாரித்தார்கள். ரத்த மாதிரி எடுத்தார்கள். போதாதென்று திரும்பவும் எடுத்தார்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் காலத்து வீடு. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அதைத் தாண்டிப் புறவாசல், புறவாசலில் கிணறு, கிணற்றோரம் மாமரம். கொஞ்சம் நடந்தால் பேராச்சியம்மன் கோயில், அதற்குப் பிறகு ஆறு. "ஆத்துக் காத்து அப்படியே உள்ள வரும், ஃபேனே வேண்டாம்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று வருவது உண்மை. அதில் யாரெல்லாம் ஏறி வருவார்கள் என்பதை மட்டும் எந்தச் சம்பந்தியும் சொன்னதில்லை.

சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டு 1843-ல் பாலத்தைக் கட்டி முடிக்கும்வரை, ஜங்ஷன் பக்கத்திலிருந்து வண்ணார்பேட்டைக்கு வர மனிதர்கள் ஓடக்காரனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கொசுக்களுக்கு அந்தத் தொல்லை என்றைக்குமே இருந்ததில்லை. ஓடுகிற தண்ணீரை இந்த ஊர்க் கொசு சீந்தாது என்பதால் ஆற்றைக் குறை சொல்லக் கூடாது. தண்ணீர் குறைந்து, அமலைச்செடி அடர்ந்து, ஓரத்தில் குட்டை குட்டையாய்த் தேங்கும்போதுதான் விசேஷம். மற்றபடி சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை என்று மனிதர்கள் தங்கள் பங்குக்குச் செய்துகொடுக்கிற ஏற்பாடுகள் ஏராளம்.

ஊட்டிக்காரனுக்குக் கொசு என்றால் கொசு, அவ்வளவுதான். இங்கே அவை பஸ் டிப்போ நடத்துநர்கள் மாதிரி ஷிஃப்ட் போட்டு வருகின்றன. காலையில் பேப்பர் படிக்கும்போது வருவது கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ். பாடுவது அபூர்வம், கணுக்காலில் குத்திவிட்டு மேசைக்கு அடியில் போய்விடும். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் விட்டுவிடும் என்று நம்பக் கூடாது, சாயங்காலம் மறுபடி ஒரு நடை உண்டு. விளக்கேற்றும் நேரத்தில் ஆர்மிஜெரிஸ் என்ற பெரிய ரகம் புறப்படும். கழிவுநீர்த் தொட்டியில் பிறந்து வளர்ந்தது, ஊசியும் அதற்கேற்ற கனம், வேட்டியைத் துளைத்துக் குத்தும். படுத்து விளக்கை அணைத்தபின் க்யூலெக்ஸ். சாக்கடைத் தண்ணீரில் பிறந்திருந்தாலும் சங்கீத ஞானம் உள்ளது இதுதான். மூன்று ரகத்திலும் ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைக்குப் புரதம் வேண்டும் என்பதற்காகக் குடிக்கிறது. ஆண் கொசு பூந்தேனைக் குடித்துவிட்டு யார் வம்புக்கும் போகாமல் காலத்தை ஓட்டுகிறது. இந்தத் தகவலை எங்கே வைத்துச் சொல்வது என்பதற்கும் ஓர் இடம் உண்டு. மனைவியும் மாமியாரும் சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற அடுக்களை அந்த இடமல்ல.

எனக்குப் புரியாத ஒரே விஷயம், அதே தார்சாவில், அதே நேரத்தில், கைவைத்த நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மாமியாரை ஏன் இவை தொடுவதில்லை என்பது. எண்பதைத் தாண்டிய அவர் உடம்பில் ஒரு தடிப்பு கிடையாது. நானோ முழங்கை முதல் மணிக்கட்டுவரை மேடும் பள்ளமுமாக, குறிஞ்சி நிலத்தைக் கையோடு கொண்டுவந்தவனாக இருந்தேன். கேட்டபோது அவர் என்னிடம் நேரே பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. சுவரைப் பார்த்து, மகளிடம் சொன்னார்.

"ஏட்டி, கொசு எல்லாரையுந்தான் கடிக்கி. மாப்பிள்ளைதான் சத்தம் போடுதாக."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், கிழவி சொன்னதே விஞ்ஞானம். கொசு குத்தும்போது ரத்தம் உறையாமலிருக்கத் தன் எச்சிலைச் செலுத்துகிறது. வீக்கமும் அரிப்பும் அந்த எச்சிலுக்கு எதிராக நம் உடம்பு செய்யும் கலாட்டா. ஒரே ஊர்க் கொசுவிடம் வருஷக்கணக்காகக் கடிபட்டால் உடம்பு அலுத்துப்போய்க் கலாட்டாவை நிறுத்திக்கொள்ளும். எண்பது வருஷம் கடிபட்டவர் வீங்க மாட்டார். புதிதாக வந்தவன் வீங்குவான். தவிர, கொசு ஆளைத் தேடுவது நாம் விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து. பெரிய உடம்பு என்றால் மூச்சும் பெரிது. என் எடையை இங்கே எழுதப்போவதில்லை. தார்சாவில் மாமியாரும் நானும் உட்கார்ந்தால் கொசு குழம்பிப்போக வாய்ப்பில்லை என்பது மட்டும் போதும்.

ஆயுதங்களுக்கு வருவோம். கொசுவத்திச் சுருளைக் கண்டுபிடித்த ஜப்பானியரின் கதை எனக்குப் பிடித்தது. உயெயாமா எய்இச்சிரோ என்பவர் பைரெத்ரம் என்ற சாமந்தி வகைப் பூவை அரைத்து ஊதுவத்தியாக உருட்டினார். குச்சி முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்தது. கொசுவுக்கோ ராத்திரி முழுக்க வேலை. குச்சியைச் சுருட்டிவிட்டால் நீளமும் கிடைக்கும், நேரமும் கிடைக்கும் என்று 1895-ல் யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. வீட்டில் பாம்பு சுருண்டு கிடந்ததைப் பார்த்து அவருக்கு அது தோன்றியதாகச் சொல்கிறார்கள். 1902-ல் சுருள் கடைக்கு வந்தது. பாம்பைப் பார்த்து அலறாமல் கணவனின் தொழிலுக்கு யோசனை பிடித்த அம்மாளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் சுருளை ஏற்றினால் முதலில் இருமுவது நான், பிறகு மாமியார். கொசு இருமுவதில்லை.

அடுத்து மின்சார மட்டை. 'பட்' என்ற சத்தமும் தீய்ந்த வாடையும் வந்ததும் எனக்குள் ஒரு ராஜபாளையத்து நாய் விழித்துக்கொண்டது. பாட்மிண்டன் ஆடுகிறவர்கள் வியர்க்கும் அளவுக்குப் பட்டாசலில் பாய்ந்து பாய்ந்து அடித்தேன். கொசுக்கள் சீக்கிரமே ஒரு சரணாலயத்தைக் கண்டுபிடித்தன. பட்டாசல் சுவரில் சந்தன மாலையோடு மாட்டியிருக்கும் மாமனார் படம். அவர் நெற்றிப் பொட்டில் ஒன்று, மீசையில் ஒன்று, சால்வை மடிப்பில் வரிசையாக நான்கு. உயிரோடு இருந்த காலத்தில்கூட அவர் முன்னால் குரல் உயர்த்தாதவன் நான். இப்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நிற்கிறேன், பின்னால் நாற்காலியில் அவருடைய சம்சாரம். மட்டையைத் தாழ்த்திவிட்டு விபூதி இட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கொசுவலை சிறந்தது. வலைக்குள் கொசு இல்லாதவரை. உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டால் அது நமக்கும் வெளியே போக வழியில்லை என்பதைத் தெரிந்துகொண்டு நடக்கும்.

கொசுவைப் பற்றி விளையாட்டாகவே பேசிக்கொண்டிருக்க இந்த மாவட்டத்துக்கு உரிமை இல்லை. 2012-ல், அப்போது இதே மாவட்டத்திலிருந்த கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு அடித்த அடியை இங்கே யாரும் மறக்கவில்லை. நிலவேம்புக் குடிநீர் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் கேட்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான். அதன் தொடர்ச்சியாகத்தான், தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வீடு வீடாக ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு டார்ச் லைட்டும் நோட்டும் கையுமாக வந்த பெண்ணிடம் நான் மார்தட்டாத குறையாகச் சொன்னேன், "நல்லாப் பாத்துக்கோம்மா, நம்ம வீட்டுல ஒரு சொட்டுத் தேங்காது." அவர் தொட்டியைப் பார்த்தார், பூந்தொட்டித் தட்டைப் பார்த்தார், கிணற்றுக்கு வலை போட்டிருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். நேரே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அடியில் தண்ணீர் சொட்டுவதற்கென்று ஒரு தட்டு இருக்கிறதாம். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் உருவியதில்லை. உருவினார். டார்ச் வெளிச்சத்தில் அத்தனையும் துள்ளின.

"சார், இத நீங்களே வளக்கியளா?"

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து றெக்கை முளைத்துப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதிக தூரமும் போகாது, பிறந்த வீட்டைச் சுற்றித்தான் கடிக்கும். ஆற்றையும் சாக்கடையையும் அக்கம்பக்கத்தையும் நான் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த அத்தனை காலையிலும் என் கணுக்காலைக் கடித்தது நம் வீட்டுப் பிள்ளைகள். மாமியார் சுவரைப் பார்த்தார். "ஏட்டி, வேத்து ஆளுன்னுல்லா நெனச்சேன்."

ஐப்பசி மழையில் ஈசல் வந்தது. அதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பொழுது சாயும் நேரத்தில் மழை விட்டது, விளக்கைப் போட்டோம், வீடு முழுக்கச் சிறகு. நான் இரண்டாங்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமியார் விளக்குக்கு அடியில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, சின்ன வயதில் ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு கலந்து தின்ற ருசியைப் பற்றிக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி நெடுநேரம் பேசினார். மறுநாள் காலையில் எறும்புகள் சிறகுகளைப் பாய்மரமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டின. அவ்வளவுதான்.

பிசான நெல் பச்சை கட்டும் மாதங்கள்தான் பெரிய அத்தியாயம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் கால்வாய்களும் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால் பாடப்புத்தகம் நெல்லுக்கு என்று சொல்லும். நெல்லை நம்பி ஒரு பச்சைப் பட்டாளமும் இருக்கிறது. தத்துப்பூச்சி. எள்ளளவு பச்சை. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் அம்பை-16 என்ற ரகத்தை விட்டால் நாம் இட்லிக்கு நனைப்போம், இவை பயிரிலேயே சாற்றை உறிஞ்சிவிடும், போகிற போக்கில் துங்ரோ என்ற வைரஸ் நோயையும் வயலுக்கு வயல் பரப்பிவிட்டுப் போகும். ராத்திரியானால் வயலை விட்டு விளக்கைத் தேடி ஊருக்குள் வரும். டியூப் லைட்டைச் சுற்றி ஆயிரம், சோற்றில் ஐம்பது, சட்டைக் காலருக்குள் கணக்கில்லை. கொசுவளவு வலிக்காது, சுருக் சுருக்கென்று பொத்தும்.

இதற்கு ஊர் வைத்திருக்கும் மருந்துகள் இரண்டு. ஒன்று, விளக்குப் பக்கத்தில் வேப்பங்கொத்தோ எண்ணெய் தடவிய காகிதமோ கட்டித் தொங்கவிடுவது. இன்னொன்று, விளக்கையே அணைத்துவிடுவது. தெருவில் மற்ற வீடுகள் அத்தனையும் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்து இருட்டுக்குள் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பளிச்சென்று விளக்கைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகை படித்தேன். பாளையங்கோட்டை வயல்வரைக்கும் உள்ள பூச்சிகளுக்கு அந்த நேரத்தில் போக்கிடம் என் தலைக்கு மேல் இருந்த ஒரு டியூப் லைட்தான். எதிர்வீட்டு அண்ணாச்சி மறுநாள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். "நேத்து எங்க வீட்ல ஒரு பூச்சி கெடையாது சார். எல்லாத்தையும் நீங்களே இழுத்துக்கிட்டியள்லா. இன்னைக்கும் படிப்பீயளா?"

அந்தப் பச்சைப் பட்டாளத்துக்குப் பின்னாலேயே அதைத் தின்பதற்கென்று ஒரு வண்டு வருகிறது. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். பேடெரஸ் என்று பெயர். வயலில் தத்துப்பூச்சியைத் தின்பதால் விவசாயிக்கு நண்பன். என் கழுத்தில் ஏறியபோது அது நண்பன் என்று எனக்குத் தெரியாது. தூக்கத்தில் தட்டி, நன்றாகத் தேய்த்தும் விட்டேன். அன்று ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கழுத்தின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு நீளக் கோடு. மூன்றாம் நாள் கொப்புளம். வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுக் கழுத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர், "வீட்ல ஊருக்குப் போயிருக்காகளா?" என்றார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

தோல் டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். இது கடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. இதன் உடல் நீரில் பேடெரின் என்ற நஞ்சு இருக்கிறது. நசுக்கினால் அது தோலில் பட்டுப் புண்ணாகும், உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் எரியும். முழங்கை மடிப்பில் பட்டால் மடங்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அச்சு விழும். அடிக்கவே கூடாது, ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதாவது, அது என்னை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் அதைச் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து மேலே எது வந்து உட்கார்ந்தாலும் ஊதுகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், பாங்க் வரிசையில், பஸ்ஸில், திடீரென்று தோளைப் பார்த்து 'ஃபூ' என்று ஊதும் ஒரு மனிதரை வண்ணார்பேட்டை வட்டாரத்தில் நீங்கள் பார்த்தால் மந்திரிக்கிறவர் என்று குழந்தையை நீட்ட வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் நீட்டியிருக்கிறார்கள்.

ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரை ஒரு ஞாபகத்துக்காக ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். வண்ணார்பேட்டை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். யாரும் தொடாத அந்த ஸ்வெட்டரின் கைக்குள் ஒரு குளவி போய்வர ஆரம்பித்தது. வாயில் ஈர மண், உள்ளே போனதும் ரீங்காரம், வெளியே வந்தால் மறுபடி மண். பூச்சி வகையறாவில் நான் கண்ட ஒழுங்கான கொத்தனார் இதுதான், சொன்ன நேரத்துக்கு வந்தது, முன்பணம் கேட்கவில்லை. நான் பழைய வேதாந்த உவமையை நினைத்துக்கொண்டேன். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்துக் கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடும், குரு சீடனை ஆக்குவதுபோல என்பார்கள். உண்மை அவ்வளவு சைவமல்ல. இந்த மண்குளவி சிலந்திகளைக் கொட்டி மரக்கவைத்து உயிரோடு கூட்டில் அடுக்கி, மேலே ஒரு முட்டையிட்டு வாயை மூடிவிடும். பொரிந்து வரும் குஞ்சுக்கு அதுதான் கட்டுச்சோறு. வேறு ரகக் குளவிகள் புழுவை அடைக்கும். சீடன் குருவாகவில்லை, குருவின் பிள்ளைக்குச் சாப்பாடாகிவிட்டான். சில மடங்களைப் பற்றி இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன்.

ஸ்வெட்டரை உதறப்போனபோது நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, கலைக்க வேண்டாம்னு சொல்லு. குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ள பொறக்கும்."

வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேரின் வயதையும் கூட்டினால் இருநூறைத் தாண்டும். மாமியார் தன்னை விலக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை, என் மனைவிக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. எனவே பாரம் மெல்போர்னில் இருக்கும் மகள் தலையில் இறங்கியது. வீடியோ காலில் ஆச்சி பேத்தியிடம் "நாள் தள்ளிப் போச்சா?" என்று கேட்க, பேத்தி ஆபீஸில் பத்துப் பேர் நடுவில் ஸ்பீக்கரில் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மட்டும் தனியாகப் பேசி, அந்தக் கூட்டை இன்றைக்கே உடைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். உடைக்க முடியவில்லை. குளவியிடம் பயம் பாதி, மாமியாரிடம் மீதி. மண்குளவி தன் கூட்டைக் காக்கக்கூட லேசில் கொட்டாது என்று படித்திருந்தேன். மாமியாரைப் பற்றி அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

நடுவே பாச்சா, பூரான், ஒருநாள் குளியலறையில் நட்டுவாக்காலி. ஆறு கால் இருந்தால்தான் பூச்சி, எட்டு என்றால் வேறு வகுப்பு என்கிறார்கள். எண்ணி முடிக்கும்வரை எதுவும் நின்றதில்லை. நானும் நின்றதில்லை.

கடைசியாக முசுறு. மாமரத்தில் பச்சை இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் கட்டியிருப்பதைப் பார்த்து முதலில் குருவிக்கூடு என்றே ரசித்தேன். அது செவ்வெறும்புக் குடியிருப்பு. ஒரு வரிசை எறும்பு இரண்டு இலையின் ஓரங்களைக் கடித்து இழுத்துப் பிடிக்க, இன்னொரு வரிசை தன் புழுக்குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவை கக்கும் பட்டு நூலால் தைத்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளையை ஊசியும் நூலுமாகப் பயன்படுத்தும் தையல்காரர்கள். தென்சீனத்தில் ஏறத்தாழ 1,700 வருஷத்துக்கு முன்பே இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கி ஆரஞ்சுத் தோட்டத்தில் கட்டினார்களாம், மற்ற பூச்சிகளைத் தின்று மரத்தைக் காக்குமென்று. எங்கள் மாமரத்தில் பூச்சியே இல்லாததற்குக் காரணம் தெரிந்தது. மரத்துக்குக் கீழே நானும் இருக்கக் கூடாது என்பதும் தெரிந்தது. இவை கடிப்பதோடு விடாமல் கடித்த காயத்திலேயே ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும்.

துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை அந்த மாமரத்தில் கட்டியிருந்தது. சுலோசன முதலியார் ஆற்றின் இரண்டு கரையை இணைத்த மாதிரி, என் மனைவி முசுறுக் குடியிருப்பையும் என் துணிமணிகளையும் இணைத்து வைத்திருந்தாள்.

மார்கழித் திருவாதிரை. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம், இங்கே தாமிரம். விடியற்காலை அங்கே நடக்கும் திருநடனத்தைப் பார்க்க டவுனுக்குப் புறப்பட்டோம். ராத்திரி முழுக்கக் கொடியில் கிடந்த துண்டை இருட்டில் உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டேன். மார்கழிக் குளிரில் முசுறும் மனிதர்களைப்போலச் சுருண்டு கிடக்கும் என்பது அப்போது யோசனையில் இல்லை.

கூட்டமென்றால் கூட்டம். முன்னும் பின்னும் ஆள், தீபம், புகை, வெக்கை. சட்டையைக் கழற்றி, மரியாதையாகத் துண்டை எடுத்து உதறாமல் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டேன். உதற இடமுமில்லை. சங்கு ஊதியது, மேளம் எழும்பியது, தீபாராதனைத் தட்டு மேலே போனது. துண்டுக்குள் சூடு ஏறியது. அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

முதலில் வலது காலைத் தூக்கினேன். பிறகு இடது. பிறகு இரண்டும் தரையில் இல்லாத ஒரு கணம் இருந்தது என்று மனைவி சொல்கிறாள். முடிச்சை அவிழ்க்கக் கை போனால் கையிலும் கடித்தன, கையை உதறினேன், அது அபயமும் இல்லாமல் வரதமும் இல்லாமல் வேறொரு முத்திரையாக விழுந்தது. பழக்கதோஷத்தில் நடுநடுவே 'ஃபூ ஃபூ' என்று ஊதினேன். கூட்டம் சட்டென்று விலகி வட்டமாக இடம் விட்டது. மேளக்காரருக்கு உற்சாகம் வந்து வேகத்தைக் கூட்டினார், அதற்கு எறும்புகளும் ஈடுகொடுத்தன. யாரோ "அப்பனே, நெல்லையப்பா!" என்று உரக்கக் கூவினார். யாரோ என் நெற்றி நிறைய விபூதியைப் பூசினார்கள். பின்னால் நின்ற பாட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊரு சாமியோ, இந்த வயசுல இப்படி வந்து எறங்கியிருக்கு" என்று சொல்லி என் கையில் பத்து ரூபாய்த் தாளைத் திணித்துவிட்டுக் காலைத் தொட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. மனைவியைத் தேடினேன். அவள் கூட்டத்தோடு சேர்ந்து எனக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில். பக்கத்தில் வந்ததும் உதடு அசையாமல் சொன்னாள்.

"அந்தப் பத்து ரூவாய உண்டியல்ல போட்டுட்டு வெளிய வாங்க. துண்ட அங்க வச்சு அவுக்கலாம்."

போட்டேன். உண்டியல்வரைக்கும் ஆடிக்கொண்டே போய்த்தான் போட்டேன்.